மூக்கண்டப்பள்ளிக்கு ஒரு சாவியைத் தேடி

ஞாயிறு காலை 6.10. சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஓசூர் பேருந்து கிளம்பியது. கட்டணம் 170 ரூபாய். தொலைவு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது நாளுக்கு முன் மாரடைப்பில் இறந்துபோன நண்பர் இருதயராஜின் வீட்டுக்குப் போகிறேன். துக்கம் விசாரிக்க என்றுதான் மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. அவரிடம் இருந்த ஒரு சாவி எனக்கு வேண்டியிருந்தது.

இருதயராஜ் ஓசூரில் ரப்பரை அச்சில் வைத்து அழுத்திப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்த்தவர். நான் சேலத்தில் கல்லூரி ஒன்றில் கணினி சொல்லிக்கொடுப்பவன். ஆறு வருடப் பழக்கத்தில் நேரில் பார்த்தது இரண்டே முறை. மற்றதெல்லாம் கணினித் திரை வழியாகத்தான்.

8.40. கிருஷ்ணகிரியில் பத்து நிமிடம் நின்றது. தேநீர் 15 ரூபாய், சர்க்கரைக்குக் குறைவில்லை. இங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலை முழுக்க இரும்புச் சுருளும் புத்தம்புது இருசக்கர வண்டிகளும் ஏற்றிய லாரிகள். இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஓர் இயந்திரத்தைச் சுற்றி நாலு பேர் நின்றால் நாலு பாஷை கேட்கும். ஆனால் இயந்திரம் நின்றுபோனால் அதில் வருவது வெறும் எண். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலக் கையேட்டைப் புரட்ட வேண்டும். இருதயராஜ் செய்தது இதுதான்: இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. என்ன கோளாறு, என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று அது தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லும். அதற்கான மென்பொருளுக்குப் ‘பலகை’ என்று பெயர் வைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார். அதில் நிரல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவன் நான்.

முதலில் ஒடியாவும் இந்தியும் சேர்ந்தன. பிறகு வியட்நாமில் டா நாங் நகரத்துப் பெண் ஒருவர் தன் மொழியைச் சேர்த்தார். இந்தோனேசியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை என்று அது பாட்டுக்குப் போனது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யார் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் எங்களிடம் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. இருதயராஜ் இறந்த பிறகு, போன மாதம் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரிலிருந்து ஒருவர் எழுதினார். ஒரு குறிப்பிட்ட எண் வரும்போது, அழுத்தம் முழுதாக இறங்கும் முன்பே ‘அச்சைத் திறக்கலாம்’ என்று எல்லா மொழியிலும் காட்டுகிறதாம். நம்பித் திறப்பவருக்குக் கை போய்விடும்.

திருத்தம் தயார்; இணையத்தில் போட்டால் திரைகள் தாமாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் இருதயராஜின் முத்திரை இல்லாத எதையும் ஓடிக்கொண்டிருக்கும் திரைகள் ஏற்காது. அந்த முத்திரைக்கான ரகசியக் கோப்பைத்தான் சாவி என்கிறோம். அதை இணையத்தில் வைக்கக்கூடாது, கணினியிலும் விட்டுவைக்கக்கூடாது என்பது இந்த வேலையின் வழக்கம். அவர் ஒரு பென் டிரைவில் போட்டுக் கழுத்திலேயே மாட்டியிருந்தார்.

10.05. ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ. ஓட்டுநர் போனில் கன்னடம், முன்னால் இருந்த அம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். “எந்த பாஷைல கேட்டாலும் மூக்கண்டப்பள்ளிக்கு இருவது ரூபாதாங்க” என்றார். சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் மாடியில் ஒன்று. இருதயராஜின் மனைவி ஸ்டெல்லா அப்போதுதான் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்திருந்தார்.

“வாங்க சார். ஞாயித்துக்கெழம காலைலன்னா ஒங்ககூடதான பேசிட்டு உக்காந்திருப்பாரு.”

குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான். காபி கொடுத்தார். குடித்துவிட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அவர் கழுத்துல ஒரு பென் டிரைவ் போட்டிருப்பாருங்களே...”

“கறுப்புக் கயித்துல, சிலுவையோட கோத்து?”

“அதேதாங்க.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பெட்டில வெக்கறப்ப வாட்ச்ச கழட்டினேன், மோதரத்த கழட்டினேன். சிலுவைய கழட்ட மனசு வரல சார். அதோட அதுவும் போயிருச்சு.”

காலி டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டார்.

“முக்கியமானதுங்களா?”

“இல்லம்மா, சும்மாதான் கேட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க. சும்மாவா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தீங்க?”

சொன்னேன். அவரும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், பாதியிலேயே புரிந்துவிட்டது.

“நான் ஃபாதர்கிட்ட கேக்கறேன். குழிய தொறக்கணும்னா தொறக்கட்டும்” என்றார்.

“வேண்டாம்மா. நாப்பது நாள் ஈரத்துல கெடந்தது. எடுத்தாலும் ஒண்ணும் இருக்காது” என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் வேறு என்ன சொல்வது?

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவராகவே சொன்னார். “அதுல உள்ளத நேர்ல வந்து ஒங்க டிரைவ்லயும் போட்டுக் குடுக்கணும்னு ரெண்டு தடவ கெளம்பினாரு சார். ரெண்டாந்தடவ செருப்பு போட்டுட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாரு. சாருக்குப் பரீட்சை வேலையாம், அப்பறம் பாக்கலாம்னுட்டாருன்னு திரும்பி உள்ள வந்தாரு.”

உண்மை. இரண்டு முறையும் போனில் அப்படிச் சொன்னவன் நான்தான். பரீட்சை வேலை அவ்வளவு ஒன்றும் இல்லை. சாவியை வாங்கினால் பொறுப்பும் கூடவே வரும் என்றுதான் தட்டிக்கழித்தேன்.

12.15. ஸ்டெல்லா கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். மண் இன்னும் இறுகவில்லை. மெழுகுவத்தி காற்றில் நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது. நான் அழுதேன். இருதயராஜுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

2.30. திரும்பும் பேருந்து. சூளகிரி தாண்டியதும் ‘பலகை’க்கு உதவுபவர்களின் குழுவுக்கு எழுதினேன்: சாவி கிடைக்காது, ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கையால்தான் மாற்ற வேண்டும். டா நாங் பெண் உடனே தனக்குத் தெரிந்த பட்டறைகளைக் கூப்பிடத் தொடங்கினார். காத்மாண்டுக்காரரும் பாண்டுங்காரரும் அப்படியே. கொழும்பிலிருந்து ஒருவர் மட்டும், ‘இவ்வளவு முக்கியமானதை ஒருவரே வைத்திருந்தது பெரிய அலட்சியம்’ என்று எழுதினார். யாரும் மறுக்கவில்லை. நானும் பேசாமல் இருந்திருந்தால் அது இருதயராஜின் தலையிலேயே விழுந்திருக்கும். இறந்தவர் பதில் எழுதப்போவதில்லை.

கிருஷ்ணகிரி வரும்வரை தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் அனுப்பினேன்: ‘அவர் இரண்டு முறை கொடுக்கக் கிளம்பினார். வாங்காதவன் நான்.’

பிறகு டா நாங் பெண் கேட்டார்: ‘ஓசூரில் எந்தெந்த இடத்தில் திரைகள் இருக்கின்றன?’

எனக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் நான் அவரைக் கேட்டதே இல்லை. கிருஷ்ணகிரி நிலையத்தில் பேருந்தை விட்டு இறங்கி ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன்.

“எல்லா எடமும் தெரியும் சார். ஞாயித்துக்கெழம மதியத்துல மாட்டப் போவாரு. வண்டில பின்னாடி டூல்ஸ் பைய மடில வெச்சுட்டு நான்தான உக்காந்திருப்பேன். பேரிகை ரோட்டுல ஒண்ணு, இங்க தொழிற்பேட்டைக்குள்ள ஏழெட்டு. அது ஒண்ணுதான் நாங்க ரெண்டு பேரும் வெளிய போறது.” அவரே தொடர்ந்து, “நாளைக்கு லீவு சொல்லிடறேன், வாங்க. வண்டி மட்டும் நீங்க ஓட்டணும். பின்னாடி உக்காந்தாதான் எனக்கு வழி தெரியும்” என்றார்.

சேலம் பேருந்து என்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. எதிர்ப்பக்கம் நின்ற பேருந்தில் ஏறி ஓசூருக்கு ஒரு சீட்டு வாங்கினேன்.