ஜோசலின் டீச்சரின் சிரித்த முகம்

ஜோசலின் டீச்சர் இடது கையை நீட்டுகிறார். வரிசையில் வரும் சாரணியர் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் இடது கையாலேயே குலுக்கிவிட்டுப் போகிறாள். சாரணியருக்கு அதுதான் மரியாதை. அதே பழக்கத்தில் கோயிலில் பிரசாதத்துக்கும் இடது கையை நீட்டி ஒருத்தி திட்டு வாங்கினாளாம்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இது. வேப்பமரத்தடியில் வெயில் மஞ்சளாய்க் கரையும். இரும்புலியூர்ப் பக்கமிருந்து மின்சார ரயில் சத்தம் கனவில் கேட்பதுபோல் வந்து போகும். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டே பார்ப்பேன். நீலச் சீருடையில் பிள்ளைகள் தரையைத் தொடாமல் மிதந்து வருவதுபோல் இருக்கும்.

டீச்சரிடம் வெள்ளைக்காரர் காலத்துக் கையேடு ஒன்று உண்டு. நல்ல பெண் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறதாம். காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிய வேண்டும், வீட்டை ஒழுங்காய் வைக்க வேண்டும், ராஜாவுக்கு விசுவாசமாய் இருக்க வேண்டும், எந்தக் கஷ்டத்திலும் முகம் சிரித்திருக்க வேண்டும். ராஜாவை யாரோ பேனாவால் அடித்துவிட்டு நாடு என்று எழுதியிருக்கிறார்கள். சிரிப்பை யாரும் அடிக்கவில்லை.

டீச்சர் அதை அப்படியே பிடித்துக்கொண்டவர். கணவரை அடக்கம் பண்ணிய அன்றுகூட, வந்தவர்களைச் சிரித்த முகத்தோடுதான் உட்காரச் சொன்னார். "மிஸ்ஸுக்கு யூனிஃபார்மோட சிரிப்பையும் சேத்து தச்சுட்டாங்கடி" என்று பிள்ளைகள் கேலி பேசும்.

போன மாதம் முகாமில், எட்டாம் வகுப்பு சுபத்ராவின் காலில் ஆணி ஏறிவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே நடந்திருக்கிறாள். காய்ச்சலில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். தெய்வம்தான் காப்பாற்றியது. ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, "நீங்கதானே மிஸ் சிரிக்கணும்னு சொன்னீங்க" என்றாளாம், அப்போதும் சிரித்தபடி.

அதிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை வரிசை முன்னால் நின்று, "யாருக்கு எங்க வலிச்சாலும் சொல்லிடுங்கம்மா. மார்க் குறைக்கமாட்டேன்" என்றார். காலில் கட்டோடு சுபத்ராவும் ஓரமாய் நாற்காலியில் இருந்தாள். இருபது முகமும் சிரித்தபடியே நின்றன.

டீச்சர் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். பிறகு கஞ்சி போட்ட நீலப் புடவையோடு மண்ணில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். வீங்கிய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "அம்மா" என்று முனகினார்.