சீமாட்டி ரோட்டைக் கடந்த கதை

நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் பூனை விடுதி நடத்துகிறேன். ஊருக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் பூனையை வயிறு கெடாமல் திருப்பித் தருவதுதான் தொழில். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து இதைத் தொடங்கினேன். பூனை வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: பத்தியம் வைப்பவனைப் பூனைக்குப் பிடிக்காது.

பால்கோவாப் பொட்டலம்

ஸ்ரீவில்லிபுத்தூர் வாத்தியார் ஒருவர் தன் வெள்ளைப் பூனையை நான்கு நாள் விட்டுப்போனார், கூடவே பால்கோவாவும். பால் பல பூனைகளுக்குச் செரிக்காது என்று சொல்லிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். உப்பில்லாமல் கோழி வேகவைத்து நானே ஊட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே தின்றது. நான்காம் நாள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தத்துக்கே ஓடிப்போய்த் தோளில் ஏறிக்கொண்டது. எனக்கு வயிறெரிந்தது. இனியாவது இனிப்பு கொடுக்காதீர்கள் என்றேன்.

"பால்கோவா திங்காத பூனைய எங்க ஊருக்குள்ள வச்சிருந்தா, என்னைய எவன் சார் மதிப்பான்?"

அலசிய மீன்

சீமாட்டி என் சொந்தப் பூனை. மத்தியானமானால் எதிர்வீட்டு ரோஸ்லின் அக்காவின் அடுப்படியில்தான் இருப்பாள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும் என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஒரு நாள் சீமாட்டி எழுந்திருக்கவில்லை, ஈறு வெளுத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "வெங்காயம் தின்னுச்சா?" என்றார்.

நேராக எதிர்வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அக்கா அழுதுவிட்டார். தினமும் குழம்பு மீனை எடுத்து, ஒட்டியிருந்த வெங்காயத்தைப் பொறுக்கி, தண்ணீரில் அலசிக் கொடுத்திருக்கிறார். கொதிக்கும்போதே வெங்காயச் சாறு மீனுக்குள் இறங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஒரு துணுக்கு இல்லாம பொறுக்குனேனே தம்பி, எம்புள்ளைக்குக்கூட அம்புட்டுப் பாத்துக் குடுத்ததில்லையே!"

தனிச்சட்டி

மருந்தில் சீமாட்டி பிழைத்துக்கொண்டாள். அக்கா அவளுக்கென்று தனிச்சட்டி வாங்கினார். நான் எழுதிக்கொடுத்த 'ஆகாதவை' பட்டியல் (வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை) அவர் வீட்டுக் காலண்டர் பக்கத்தில் தொங்குகிறது. இப்போது வெறும் தண்ணீரில் வெந்த மீன்தான், முள் நீக்கி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதே மீனை, அதே மாதிரி வேகவைத்து நானும் வைத்துப் பார்த்தேன். சீமாட்டி முகர்ந்தாள், ரோட்டைக் கடந்தாள். கையில் தட்டோடு நின்ற என்னை அக்கா எதிர்வாசலிலிருந்து பார்த்தார்.

"ஏன் தம்பி அங்கயே நிக்கீக? வாங்க, உங்களுக்கு வெங்காயம் போட்ட குழம்பே இருக்கு!"

ஊர்ப் பூனைகளை வெங்காயத்திடமிருந்து காப்பாற்றத் தெரிந்த எனக்கு, என் பூனையை ரோஸ்லின் அக்காவிடமிருந்து மீட்க மட்டும் ஒரு பத்தியமும் தெரியவில்லை.