ஐயாதுரையின் இரண்டாம் படி

கிளாட்வின் அண்ணனைத் திட்டாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வராது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு என்றைக்கு வார லீவு என்று எழுதுவதுதான் இருபது வருஷமாக அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக என் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடுவார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கதை ஆட்டம் ஆடுவோம்.

அண்ணன் கதை சொல்வார். கண்மாய்களைக் குடித்தே வற்ற வைக்கும் ஒரு பூதம். அதைத் தேடி மலை ஏறும் மூன்று பேர். அந்த மூன்று பேரும் நாங்கள்தான். நான் வைத்தியக்காரி, ஜெமி வாள்வீச்சுக்காரி, ஐயாதுரை வில்லாளி. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். போகப் போக ஆளுக்குத் திறமை கூடும், படிப்படியாக ஏறலாம்.

அந்தப் படியேற்றத்தில்தான் மனுஷன் தன் மில் புத்தியைக் காட்டினார். வந்தால் பத்துப் புள்ளி, நேரத்துக்கு வந்தால் மேலும் இரண்டு, ஜெயித்தால் இத்தனை, தப்பித்தால் இத்தனை. வராதவனுக்கு முட்டை. நானும் அறிவில்லாமல் அந்தத் தாளை மாதாமாதம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

ஐயாதுரைக்கு அதே மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை, மம்சாபுரத்திலிருந்து வருவான். மாதத்தில் ஒரு ஞாயிறு தலை காட்டினாலே பெரிசு. ஒன்றரை வருஷத்தில் நானும் ஜெமியும் ஏழாம் படி. அவன் இரண்டிலேயே நின்றான். எங்களுக்குச் சரிசமமாக வரும் மிருகம் அவனை ஒரே அடியில் சாய்த்துவிடும். போன மாதம் அப்படித்தான் விழுந்தான். நான் மருந்து போட்டு எழுப்புவதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இனிமே வரலண்ணே," என்று எழுந்து போனான். இந்த மேஜையைத் தவிர வேறெங்கும் அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்கண்ணே!" என்று கத்தினேன். "கதையில ஒரு கட்டம் முடிஞ்சா எல்லாருக்கும் ஒரு படி. அம்புட்டுத்தான். இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டுக் கணக்கு?"

ஜெமிக்கு மூக்கின் மேல் கோபம். "நான் காய்ச்சலோட வந்திருக்கேன்க்கா. வராதவனும் நானும் ஒண்ணா?"

"ஏட்டி, அவன் ஏறுனா நீ எறங்கிருவியா?"

ஜெமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் தாளை இழுத்து, ஐயாதுரையின் பெயருக்கு நேரே ஏழு என்று எழுதினார். அந்தப் புதன்கிழமை, ஐயாதுரையின் வார லீவன்று, சாயங்காலம் நானும் அவரும் மம்சாபுரம் போனோம். அவன் டீ வாங்கி வந்து கொடுத்தான்.

"ஒனக்கும் ஏழாம் படிலே," என்றார் அண்ணன், என்னமோ சாதித்துவிட்டது போல. "இனிமே வந்தாலும் வராட்டாலும் எல்லாரும் ஒண்ணாத்தான் ஏறுவோம்."

"நான் படிக்கா ஆசப்பட்டேன்? வாரதுக்குல்லா ஆசப்பட்டேன்," என்றான் ஐயாதுரை. "ஞாயித்துக்கிழம எனக்கு ஷிப்டு. யாராவது மாத்திக்கிட்டாத்தான் வர முடியும். ஒன்றர வருசமா புதன்கிழம லீவுன்னு எழுதுனது நீங்கதானண்ணே? எழுதிட்டு, வரலைன்னு முட்டையும் நீங்களே போட்டிய."

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. "சூப்பர்வைசர் சொல்லுதத எழுதுதேன்லே."

"ஒரு தடவ கேட்டுப் பாத்தியளா?"

கேட்கவில்லை. அவனுக்கு ஏன் ஞாயிறு லீவு இல்லை என்று, இத்தனை வாய் பேசும் நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அண்ணன் மறுநாளே மில்லில் கேட்டார். ஞாயிறு லீவுக்கு ஏற்கெனவே முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவன் பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

அந்த ஞாயிறு ஐயாதுரை இல்லாமலே பூதத்தைக் கொன்றோம். எல்லோரும் எட்டாம் படி ஏறினோம். ஐயாதுரையின் பெயருக்கு நேரேயும் எட்டு என்று போட்டார் அண்ணன். ஜெமிகூட ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மில்லில் புது லீவு லிஸ்ட் ஒட்டினார்கள். ஐயாதுரைக்குப் புதன்கிழமைதான். எழுதியதும் அண்ணன்தான்.