லாண்டரி வேனில் ஒரு துப்பாக்கிச் சண்டை

மடிப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பெரிய லாண்டரி ஒன்றில் ஸ்டீம் பிரஸ்ஸின் முன்னால் நின்று துணி தேய்ப்பது அவள் வேலை. அவள் தேய்த்த சட்டையின் கைமடிப்பில் தக்காளியைப் போட்டால் இரண்டாகப் பிளந்து விழும் என்பார்கள். அந்த மடிப்பு கிழித்துத் தாடையில் காயம் என்று ஒரு ஹோட்டல் மேனேஜர் புகார் கொடுத்ததாகவும் பேச்சு. புகாரை யாரும் பார்த்ததில்லை. தாடையில் பிளாஸ்திரியைப் பார்த்தவர்கள் உண்டு.

அவள் கணவர் அதே லாண்டரியின் வேன் டிரைவர். அவள் தம்பி காலையில் துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வான். மதியத்துக்கு மேல் மாமாவோடு வேனில் ஏறிப் போய், ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரியிலும் டிராலிகளை இறக்குவான். மூன்று பேரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். தம்பிக்கு மாடி அறை. அம்மா போனபோது அவன் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அக்காவின் இடுப்புதான் அவனுக்கு நாற்காலி, கட்டில், பல்லக்கு எல்லாம். மாடிப்படியில் அவன் இறங்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவன் என்ன மனநிலையில் இருக்கிறான், எந்தக் காலில் செருப்பு தேய்ந்திருக்கிறது என்று இரண்டையும் அவள் சொல்லிவிடுவாள்.

மாமாவும் மைத்துனனும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள்தான். இடையில் போனில் ஆடுகிற அந்தக் கேம் வந்தது.

உலகத்தில் பாதிப் பேர் அதை ஆடினார்கள். மீதிப் பேர் அதைத் திட்டினார்கள். உட்கார்ந்து விசாரித்தால், அதிகமாகத் திட்டியவர்களும் ஆடுகிறவர்கள்தான். கதை ஒன்றும் பெரிதில்லை. விமானத்திலிருந்து ஒரு கூட்டம் ஒரு தீவில் குதிக்கும். அங்கே கிடக்கிற துப்பாக்கிகளைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் சுடும். சுற்றிலும் விஷப்புகை நெருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடு நிற்கிற டீம் ஜெயித்தது.

டிரைவர் பழைய பார்ட்டிலிருந்தே ஆடுகிறவர். ஏதாவது ஒரு வீட்டின் மேல்மாடியில், ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொள்வார். யாராவது வரும்வரை அசைய மாட்டார். புது பார்ட் வந்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. தரையில் சறுக்கிக்கொண்டே சுடலாமாம், சுவரில் ஓடலாமாம், முயல் வேஷம் போட்டுக்கொண்டு துப்பாக்கி தூக்கலாமாம். கேமின் விமர்சனப் பக்கத்தில் திட்டி எழுதி ஒரு ஸ்டார் போட்டார். தம்பிக்கோ அந்தச் சறுக்கலும் பாய்ச்சலும்தான் உயிர். ஐந்து ஸ்டார் போட்டான். ஆறாவது கேட்டுக் கம்பெனிக்கு எழுதவும் எழுதினான்.

ஒரு நாள் சேர்ந்து ஆடும்போது தம்பி, கேமில் மாமா படுத்திருந்த வீட்டின் முற்றத்தில் சறுக்கிப் பாய்ந்து நாலு பேரைச் சுட்டு, ஐந்தாவது ஆளிடம் அடிபட்டு விழுந்தான். கூட்டாளி பக்கத்தில் வந்து தூக்கினால் எழுந்துவிடலாம், இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

"மாமா, விழுந்துட்டேன். கீழ வந்து எழுப்பி விடுங்க."

"இருடா. இப்ப எறங்கினா நான் இருக்கற எடம் தெரிஞ்சுபோயிடும்."

"நான் செத்துக்கிட்டு இருக்கேன் மாமா!"

"சத்தம் போடாம சாவு."

அவன் செத்தான். டிரைவர் இரண்டாவது இடம் வரை வந்து தோற்றார். அதன் பிறகு கூடத்தில் நடந்ததுதான் நிஜச் சண்டை. "நீங்க ஆடறது கேம் இல்ல மாமா, வாட்ச்மேன் வேலை" என்றான் அவன். "நீ ஆடறது விட்டில்பூச்சி வேலை" என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது.

வீட்டில் நின்றால் பரவாயில்லை, வேனிலும் நின்றது. வழக்கமாக வண்டியை நிறுத்தியதும் "ஆஸ்பத்திரிடா" என்றோ "ஹோட்டல்டா" என்றோ டிரைவர் ஒரு குரல் கொடுப்பார். பின்னால் இருக்கிறவன் அந்த டிராலியை இழுப்பான். இப்போது இவர் குரல் கொடுக்கவில்லை, அவன் எட்டிப் பார்க்கவில்லை. கதவருகே எது நின்றதோ அது இறங்கியது. ஆபரேஷன் தியேட்டரின் பச்சை அங்கிகள் ஹோட்டலுக்குப் போயின. பரிமாறுகிறவர்கள் வேறு வழியில்லாமல் அவற்றை மாட்டிக்கொண்டு நிற்க, கத்தியும் முள்கரண்டியுமாக வந்த ஆளைக் கண்டு ஒரு விருந்தாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாராம். ஆஸ்பத்திரியிலோ பூவேலை செய்த மேஜைவிரிப்பைப் போர்த்திக்கொண்ட ஒரு நோயாளி, குணமான பிறகும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாராம்.

லாண்டரி மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. மடிப்பக்காவைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுச் சண்டையை என் வண்டியில ஏத்தாதீங்கம்மா. இன்னொரு தடவை துணி மாறிப்போச்சுன்னா உன் தம்பியை மலையடிவாரத்துக் கிளைக்கு மாத்திடுவேன். அங்கேயே ரூம் இருக்கு, தங்கிக்கட்டும்."

"சார், அவனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது."

"அங்க இருக்கறதும் லாண்டரிதாம்மா. வெந்நீருக்கா பஞ்சம்?"

அன்று அவள் தேய்த்த சட்டைகளில் மடிப்பு கொஞ்சம் கோணியிருந்தது என்று பக்கத்து பிரஸ்காரி பிற்பாடு சொன்னாள்.

முதலில் கணவரிடம் போனாள்.

"என்னங்க, சின்னப் பையன். நீங்களே பேசிடக் கூடாதா?"

"அவன் மொதல்ல மன்னிப்பு கேக்கட்டும்."

"எதுக்கு?"

"புது பார்ட் நல்லாருக்குன்னு சொன்னதுக்கு."

மாடிக்கு ஏறினாள். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"மாமா என்ன எழுதிப் போட்டிருக்காருன்னு பாத்தியாக்கா? 'ஒண்ணு ரெண்டு மடையன்களுக்குத்தான் இது புடிக்கும்'னு போட்டிருக்காரு. அந்த மடையன் யாரு? நம்ம வீட்டுல வேற யாரு ஆடறா?"

கேமைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் பஞ்சாயத்துப் பண்ணுவது எப்படி? மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லாண்டரியில் விசாரித்தாள். விசாரித்திருக்கக் கூடாது. டிபன் பாக்ஸ் திறக்கும் முன்னால் அங்கேயும் கட்சி பிரிந்தது.

"நான் அழிச்சிட்டேன்மா" என்றார் பாய்லர்காரர். "எவனோ ஒரு வாண்டு ஹெட்போன்ல அசிங்கமா திட்றான். தம்பி, எனக்குப் பேரன் வயசு உனக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என் வயசையும் சேத்துத் திட்றான்."

"எனக்குச் சுடறதே புடிக்காதுக்கா" என்றாள் தலையணை உறை மடிக்கிறவள். "டிரஸ் மாத்தலாம், டான்ஸ் ஆடலாம். அதுக்குத்தான் போறேன். நடுவுல சுட்டுடறாங்க, ச்சே."

"வருஷா வருஷம் அதே கேம்தான், அட்டை மட்டும் புதுசு" என்றான் கவுண்டர் பையன்.

"அப்ப நீ ஏன் வருஷா வருஷம் வாங்கறே?"

"அதே கேம்தானான்னு பாக்கத்தான்."

சாப்பாடு முடிவதற்குள் பாய்லர்காரரும் கவுண்டர் பையனும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். மடிப்பக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் போனில் கேமை இறக்கினாள்.

போடுவதற்கு உடை கேட்டது. எல்லாரும் புல்லோடு புல்லாகத் தெரிகிற பச்சையும் மண்நிறமும் எடுப்பார்கள். அவள் தும்பைப்பூ வெள்ளையில் கோட்டும் சூட்டும் எடுத்தாள். வாழ்நாளெல்லாம் கறை போக்குகிறவளை அழுக்கு நிறத்தில் சட்டை போடச் சொன்னால் எப்படி? தீவில் குதித்தவள் துப்பாக்கியைத் தேடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். திரைச்சீலைகளில் ஒரு சுருக்கம் இல்லை. தேய்க்காமலே இப்படி நிற்கிற துணியை எந்த மில்லில் நெய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே சுட்டுவிட்டார்கள். அடுத்த ஆட்டத்திலும் சுட்டார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் ஒரு பூங்காவில் சிலைகளுக்கு நடுவே வழி தெரியாமல் நின்றாள். வெள்ளைச் சூட்டைப் பார்த்து அவளும் சிலை என்று நினைத்து, இரண்டு டீம்கள் அவளைச் சுற்றி ஓடியோடிச் சண்டை போட்டு, அவள் கண் முன்னாலேயே ஒருவர் மிச்சமில்லாமல் செத்துப்போயின. ஒரு குண்டுகூடச் சுடாமல் மூன்றாவது இடம். இப்போது அவளுக்கும் அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

ஆட ஆட அவளுக்கு ஒன்று பிடிபட்டது. நாளெல்லாம் நெரிசலில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கிறவர் கேமில் வந்து படுத்துக்கொள்கிறார். நாளெல்லாம் இயந்திரம் எப்போது சுற்றி முடிக்கும் என்று காத்து நிற்கிறவன் கேமில் ஓடுகிறான். இவருடைய ஓய்வு அவனுக்கு வேலை. அவனுடைய ஓய்வு இவருக்கு வேலை. இதைச் சொன்னால் இரண்டு பேரும் கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். எனவே அவள் சொல்லவில்லை.

விடுமுறை நாள் மதியம் இருவரையும் கூடத்துக்கு வரவழைத்தாள். "எனக்கு ஒரு ஆட்டம் சொல்லிக் குடுங்க, போதும்" என்று தனித்தனியாகக் கெஞ்சியிருந்தாள். ஒருவர் நாற்காலியில், ஒருவன் மாடிப்படியின் கடைசிப் படியில், இவள் நடுவில் தரையில். மூன்று பேர் டீம்.

"அந்த ஆளை மேல ஏறச் சொல்லு" என்றார் டிரைவர், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவனைப் பார்க்காமல்.

"தம்பி, மாமா மேல ஏறச் சொல்றாரு."

"அவரைக் கீழ எறங்கச் சொல்லுக்கா."

"என்னங்க, உங்களைக் கீழ—"

"காதுல விழுந்துது."

"விழுந்துதுன்னு சொல்றாருடா."

"அக்கா, என்னக்கா இது வெள்ளை வெளேர்னு! பக்கத்து தீவுலேர்ந்தே தெரியுமே!"

"பாத்துட்டுப் போகட்டும், கிழிசலா போட்டிருக்கேன்?"

இப்படியே தட்டுத்தடுமாறிக் கடைசிப் பத்துப் பேருக்குள் வந்துவிட்டார்கள். அப்போது பின்னாலிருந்து விஷப்புகை நெருங்கியது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். அந்தச் சத்தம் கேட்டால் தலைதெறிக்க ஓட வேண்டும் என்று கேம் ஆடுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மடிப்பக்கா போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினாள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள்.

"ஓடு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கட்சி பிரிந்த பிறகு இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஓடவில்லை. திரையில் வெள்ளைக் கோட்டு புகைக்குள் மறைந்துகொண்டிருந்தது. டிரைவர், ஆயுளில் முதன்முறையாக, மாடியிலிருந்து குதித்து ஓடினார். தம்பி சறுக்கிக்கொண்டு போனவன் நின்று திரும்பினான். இருவரும் அவளைத் தூக்கப் புகைக்குள் நுழைந்து, தூக்கத் தெரியாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, மூன்று பேரும் ஒரே இடத்தில் செத்தார்கள்.

அவள் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன.

"ஏன்டா," என்றார் டிரைவர், மைத்துனனை நேராகப் பார்த்து, "உங்கக்கா எதுக்குடா சரண்டர் ஆன மாதிரி உக்காந்திருக்கா?"

"ஸ்டீம் மாமா. பிரஸ்ல ஸ்ஸ்னு சத்தம் வந்தா ஆவி பீறிடப்போகுதுன்னு அர்த்தம். உடனே கையெடுத்துட்டு அப்படியே நிக்கணும், நகரக்கூடாது. உள்ள வேலை செய்யற எல்லாருக்கும் அப்படித்தான் பழக்கியிருக்காங்க. நானும் ஆரம்பத்துல கையத் தூக்கித் தூக்கித்தான் செத்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேடா!"

"நீங்க மாடியை விட்டு எறங்கியிருந்தாதானே பாத்திருப்பீங்க?"

டிரைவர் அவனை முறைத்தார். பிறகு மனைவியை முறைத்தார். மனைவியை முறைப்பது சுலபமாக இருந்தது.

"ஏம்மா, கையில துப்பாக்கியே இல்லாம ஒருத்தி யுத்தத்துக்குப் போவாளா?"

"அதச் சொல்லுங்க மாமா. ஒரு வீட்டுக்குள்ள போய்க் கட்டில் விரிப்பைப் பாத்துக்கிட்டு நின்னா!"

"பாத்தேன்டா. நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். தலையில அடிச்சுக்கிட்டேன்."

"கேட்டா, மடிப்பு சரியில்லன்னு சொல்றா மாமா."

அவள் கையை இறக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். இருட்டும்வரை கூடத்தில் அவளைப் பற்றிய விசாரணை ஓயவில்லை. ஆடத் தெரியவில்லை, சொன்னால் ஏறவில்லை, டீமில் வைத்தால் மூழ்கடித்துவிடுவாள். தீர்ப்பில் இரண்டு நீதிபதிகளுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. டீமிலிருந்து அவளை நீக்கினார்கள். நீக்கியதைச் சொல்ல இருவருமே சேர்ந்து சமையலறை வாசலில் வந்து நின்றார்கள்.

"தப்பா நெனச்சுக்காதக்கா."

"உன் நல்லதுக்குத்தான்" என்றார் டிரைவர்.

அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அந்த ஆட்டத்தை அவள் ஜெயிக்க நினைத்திருந்தாள்.

புது பார்ட் நல்லதா கெட்டதா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. அவர் போட்ட ஒரு ஸ்டார் அப்படியே இருக்கிறது, அவன் போட்ட ஐந்தும் இருக்கிறது. வேனில் ஏறும்போது தொடங்கி இறங்கும்வரை வாதம் நடக்கிறது, நடுநடுவே "ஆஸ்பத்திரிடா!", "தெரியும் மாமா!" என்று டிராலிகள் சரியாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. தம்பி மாடி அறையிலேயே இருக்கிறான்.

சில நாள் கழித்து மேனேஜர் பிரஸ் பக்கம் வந்தார்.

"ஏம்மா, முன்னாடி ரெண்டு பேரும் வாயைத் திறக்கலன்னு கம்ப்ளெயிண்ட். இப்ப வண்டி தெருமுனைல வரும்போதே கத்தற சத்தம் கேக்குதுன்னு ஹோட்டல்காரங்க சொல்றாங்க. கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?"

"துணி சரியாப் போய்ச் சேருதுல்ல சார்?"

"சேருது."

"அப்ப கத்தட்டும் விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.