அங்கிளின் மாட்டுப் பாட்டு

நான் சாவியைத் திருப்பியதும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கிட்டாரோடு பாட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த அன்ரியின் கை தானாக நீண்டு சத்தத்தைக் குறைத்தது. பிறகு அந்தக் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் காலமாகி இரண்டு மாதம் இருக்கும். அதுவரை வாசலில் சும்மா நின்ற அவருடைய வெள்ளைக் காரை அன்றைக்குத்தான் எடுத்தோம். பாட்டுத் தட்டு எப்போதோ உள்ளே சிக்கிக்கொண்டது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வெளியே வராது.

அப்போது நான் சிட்னியில், ஹோம்புஷில் அவர்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். திருச்சியிலிருந்து வந்து வெஸ்ட்மீட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கிளும் அன்ரியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கிள் பஸ் ஓட்டினார். குசினியில் தேத்தண்ணி ஊற்றும்போதுகூட கன்ட்ரி என்கிற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டைத்தான் சீட்டியடிப்பார். அன்ரி வயலின் ஆசிரியை. அரங்கேற்றம், கோயில் திருவிழா என்று மேடை மேடையாக வாசித்தவர். அங்கிளின் இசைக்கு அவர் வைத்த பெயர் மாட்டுப் பாட்டு. "மாடு மேய்க்கிறவன் மாட்டுக்குப் பாடுறதை மனிசர் ஏன் கேக்கவேணும்?" என்பார். அங்கிள் சிரிப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

துக்கம் நடந்த வீட்டார் ஆட்டத்திவசம், அதாவது முதலாண்டுத் திவசம், முடியும்வரை திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ போவதில்லை. அன்ரி ஒருபடி மேலே போய் வயலின் பெட்டியை மூடி அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார். மாணவிகளை வேறு ஆசிரியையிடம் அனுப்பினார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவரால் மூடி வைக்க முடியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கிள் "கிளப்புக்குப் போட்டு வாறன்" என்று கிளம்பிவிடுவார். சிட்னியில் கிளப் என்றால் உள்ளே சூதாட்ட மெஷின்கள் வரிசையாக நிற்கும்.

"மெஷினுக்குத்தான் போறவர் எண்டு நினைச்சு இத்தனை வருஷம் கேக்காமலே இருந்திட்டன், தம்பி. இப்ப தெரியாமல் இருக்கேலாமல் கிடக்கு. ஒருக்கா என்னை அங்க கூட்டிக்கொண்டு போவீரோ?" என்று அப்படியொரு ஞாயிறு பின்னேரம் அன்ரி கேட்டார். எனக்கோ அடுத்த வீட்டு விஷயம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். "வாங்க அன்ரி, இப்பவே போலாம்" என்று அவர் முடிக்கும் முன்பே எழுந்துவிட்டேன். அன்றைக்குத்தான் கார் பாடியது.

மெஷின் வரிசைகளைத் தாண்டிப் பின்பக்கம் ஒரு சிறிய ஹால். தொப்பி போட்ட வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து கிட்டாரும் கையுமாக மாறி மாறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிளின் பெயரைச் சொன்னதும் முகங்கள் மலர்ந்தன. ஆளையே காணோமே என்றார்கள். அவர்களுக்குச் செய்தி தெரியாது. அன்ரிதான் சொல்ல வேண்டியிருந்தது. தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பிறகு கிட்டார் வைத்திருந்த பெரியவர் ஒருவர், அந்த ஃபிடில் வாசிக்கும் மனைவி நீங்கள்தானா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வயலினைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அங்கிள் அங்கே பாடுவதுமில்லையாம், வாசிப்பதுமில்லையாம், கேட்டுக்கொண்டே இருப்பாராம். ஃபிடிலுக்கு ஆளில்லையே என்று யாராவது குறைபட்டால் மட்டும், என் மனைவி வாசிப்பாள், அடுத்த மாதம் கூட்டி வருகிறேன் என்பாராம். அந்த அடுத்த மாதத்துக்காக அவர்கள் பல வருஷம் காத்திருந்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் அன்ரி சத்தத்தைக் குறைக்கவில்லை. ஒரு பாட்டின் நடுவில் குரல் ஓய்ந்து வயலின் மட்டும் தனியாக வந்தது. "இந்த இடத்தில இவர் சத்தத்தைக் கூட்டிப்போட்டு என்னைப் பாப்பார். நான் உடனை குறைச்சுவிடுவன்" என்றார்.

அந்த ஆண்டு முழுக்க, மாதத்தில் அந்த ஞாயிறு வந்தால் கிளப். துக்க வீட்டில் பாட்டா என்று அங்கிளின் தங்கை போனில் கேட்டபோது, "கோயில் திருவிழாவுக்குத்தான் போகக்கூடாது. மாட்டுப் பாட்டைப் பற்றிச் சாத்திரத்தில ஒண்டும் இல்லை" என்று அன்ரி வைத்துவிட்டார். அங்கே அவர் வாசிக்கவில்லை. அங்கிளைப் போலவே கேட்டார். அந்தப் பாட்டுகளில் அங்கிள் எதைக் கண்டார் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். காரில் என்னை ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்ல வைத்தார். மழை பெய்யாத நிலம், விற்றுவிட்ட வீடு, திரும்பிப் போக முடியாத ஊர். யாழ்ப்பாணத்தில் விட்டு வந்த வீட்டைப் பற்றி அங்கிள் ஒருநாளும் வாய் திறந்ததில்லையாம். "இவர் கதைக்காததையெல்லாம் உவங்கள் பாடியிருக்கிறாங்கள்" என்றார் ஒருநாள். நான் அதுவரை அவற்றை வெறும் கிட்டார் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

ஆட்டத்திவசம் முடிந்ததும் பெட்டி கீழே இறங்கியது. முதல் வாசிப்பு கோயிலில் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அன்ரி கிளப்புக்கு விடச் சொன்னார். செருப்பைக் கழற்றி, தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றியபோது தொப்பிக்காரர்கள் விழித்தார்கள். ஃபிடிலை நின்றபடி தோளில் வைத்து வாசித்துத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் தன் கோட்டை மடித்து அவருக்குக் கீழே போட்டார். முதல் தடவை அன்ரியின் கமகக் குழைவு உள்ளே புகுந்து பாடியவர் வழி தவறிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அன்ரியும்தான். மறுபடி ஆரம்பித்தார்கள்.

இப்போது நான் குடும்பத்தோடு சிட்னியிலேயே கெல்லிவில்லில் இருக்கிறேன். ஓட்ட ஆளில்லை என்று அன்ரி அந்தக் காரை எனக்கே தந்துவிட்டார். போனிலிருந்து பாட்டுப் போட முடியாத இந்த வண்டியை எப்போது விற்பீர்கள் என்று மகள் ஆங்கிலத்தில் நச்சரிக்கிறாள். போன வாரம் அன்ரியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சாவியைத் திருப்பியதும் வழக்கம்போல வெள்ளைக்காரர் ஆரம்பித்தார். அன்ரி யாரோ ஒரு மாணவியின் அரங்கேற்றத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பாட்டில் குரல் ஓய்ந்தது. பேச்சை நிறுத்தி, கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். கூட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கானதில்லை. நான் கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டேன்.