பதினோராவது ஓட்டை

அலுமினியப் படகில் குண்டு துளைத்த ஓட்டைகளில் காய்ந்த மர ஆப்புகளை சோலோமியாவின் கைகள் சுத்தியலால் இறக்கிக்கொண்டிருந்தன. திநீப்ரோ ஆற்றின் மறுகரையில் ஆறு அதிரடிப்படை வீரர்கள் சிக்கியிருந்தார்கள். மிஞ்சியது இந்த ஒரு படகுதான். மூடுபனி விலகிவிட்டால் எதிரியின் கண்ணில் பட்டுவிடும்; இதுவும் போக முடியாது.

"ஆப்பை நம்பியா ஆத்துல இறங்குறது, சோலோமியாக்கா? பசை போடுங்க" என்றான் படகோட்டி யாரெமா.

"அது காய நாளைக்காகும். உன் ஆளுங்க அதுவரைக்கும் நாணலுக்குள்ள குந்தியிருப்பாங்களா?"

பத்தாவது ஓட்டையோடு ஆப்பு தீர்ந்தது. பனி கலையத் தொடங்கியது. முப்பது வருடம் மீன்படகுகளைச் செப்பனிட்டவள், சுத்தியல் கைப்பிடியைக் கழற்றிச் சீவி, கடைசி ஓட்டையில் வைத்துக் கல்லால் அடித்தாள்.

"கட்டை ஊறி உப்பி ஓட்டையை அடைக்கிற வரைக்கும் தண்ணி கசியும். பயந்து திரும்பிடாதே, மொண்டு ஊத்து."

தகர டப்பாவையும் படகின் கயிற்றையும் அவன் கையில் கொடுத்தாள்.