அமராவதியின் காதுப் புண்

என் மாமியார் அமராவதிக்கு உடம்பில் எது வந்தாலும் உப்புதான் காரணம். கால் வெடித்தால் உப்பு, கண் சிவந்தால் உப்பு. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. அதனால் அவருடைய காதுப் புண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை.

நான் சந்தேகித்தேன். அதே உப்பளத்தில் லாரி லோடு பார்க்கிற வேலை எனக்கு. வேலைக்கு வரும்போது அத்தை கம்மலைக் கழற்றிவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வருவார். நாள் முழுக்க உப்புத் தண்ணீர் தெறித்தாலும் காது சும்மா இருக்கும். கல் வைத்த கம்மலைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துபோன மறுநாள்தான் நீர் வடியும். இதை என் மனைவி இலக்கியாவிடம்கூடச் சொல்லவில்லை. மாமியார் காதையே பார்த்துக்கொண்டிருக்கிற மருமகன் என்று பெயர் வாங்குவானேன்?

2005 கோடையில் வரப்பில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு வலது முன்கை முறிந்தது. கட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மாதங்கள் போயும் எலும்பு சேரவில்லை. உப்பை இழுக்கும் பலகையைப் பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு உப்பளத்தில் என்ன செய்வது? புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் பிளேட் வைக்கலாம் என்றார்கள். என் அம்மா சின்னப்பாப்பாவும் கூட வந்தார். துணைக்கு என்று அவர் சொன்னார்.

"கவரிங் நகை போட்டா அரிக்குமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தையின் பார்வை டாக்டரிடமிருந்து என் அம்மாவிடம் போனது. இந்தக் கேள்வியை அம்மாதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

"நாங்க கவரிங் போடற ஆளுங்க இல்லைங்க."

"அப்போ காது ஏன் இப்படி இருக்குது?"

"உப்புத் தண்ணிங்க."

டாக்டர் நம்பவில்லை. சாதாரண ஸ்டீல் பிளேட்டில் நிக்கல் இருக்கும், அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். அத்தையின் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாக மருந்து வைத்து ஒட்டி, நனைக்காமல் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக அழைத்துவந்தார்.

"முதுகுல ஒட்டியே தங்கமா கவரிங்கான்னு கண்டுபிடிச்சிடுவாங்களா சம்பந்தி?" என்று அம்மா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. வாசலைக்கூடத் தாண்டாமல் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

பிரித்துப் பார்த்தபோது ஒரு கட்டம் மட்டும் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்திருந்தது.

"நிக்கல்தான். கவரிங்லயும் இதுதான் கலந்திருக்கும்" என்றார் டாக்டர்.

"அப்படிங்களா?" என்றார் அம்மா, ரொம்ப மெதுவாக.

"உப்புத் தண்ணி பட்டுடுச்சிங்க" என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் ஏது உப்புத் தண்ணீர்? டாக்டர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"நனஞ்சிருந்தா இத நம்ப முடியாதும்மா. நீங்க சொல்றத நம்பி நான் ஸ்டீல் வெச்சி, அது ஒத்துக்கலன்னா? புண்ணு ஆறாது, எலும்பும் சேராது. திரும்பத் தொறந்து எடுக்கணும். காதுன்னா கம்மலக் கழட்டிடலாம். கைக்குள்ள இருக்கறத எப்படிக் கழட்டுவீங்க?"

அத்தை தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை மடக்கப் பார்த்தார், பாதிதான் மடங்கியது. பிறகு இடது கையால் கம்மலின் திருகாணியைத் தடவினார். ஒற்றைக் கையால் அது வரவில்லை.

"சம்பந்தி, இந்தத் திருகாணிய கொஞ்சம் கழட்டி வுடுங்க."

அம்மா கழற்றினார். திருகாணியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

"கவரிங்தான். இருந்ததெல்லாம் பொண்ணுக்குப் போட்டுட்டேன். ஒங்க எதுர்ல மொட்டக் காதா வந்து நிக்க முடியல" என்றார் அத்தை. டாக்டரிடம் திரும்பி, "தண்ணி படலைங்க" என்றார்.

நிக்கல் இல்லாத டைட்டானியம் பிளேட் என்று முடிவானது.

அன்று சாயங்காலம் அம்மா இலக்கியாவைக் கூப்பிட்டு, "ஒங்க அம்மா போட்ட செயினு அழுக்கா இருக்குது, கழட்டிக் குடும்மா, கழுவித் தர்றேன்" என்றார். இலக்கியா என்னைப் பார்த்தாள். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். சிவப்பு ஏதும் இல்லை. பார்த்த பிறகுதான், சந்தேகப்படுவதில் நானும் அம்மாவும் ஒன்று என்று உறைத்தது. அவள் அதற்குள் செயினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அத்தை பழையபடி பலகை பிடித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் ஈர்க்குச்சியோடுதான் வந்தார். ஒருமுறை அம்மா அவர் கையை எடுத்துத் தையல் தழும்பின் மேல் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள வெச்சது ஒரிஜினல்தானா சம்பந்தி?"

"அரிச்சா மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுவேன்" என்றார் அத்தை.